பக்கத்து சீட்டுக் கண்ணாடி

மோட்டாரைக் கழற்றி மேஜைமேல் வைத்த பிறகும் காருக்குள் யாரோ பட்டனை அழுத்தினார்கள்.

டிக்.

அவன் ஸ்பேனரைப் பிடித்தபடி அப்படியே நின்றான். ஷெட்டின் தகரக் கூரையில் மழை விடாமல் இரைந்துகொண்டிருந்தது. சாயங்காலம்தான், ஆனாலும் பாதி இறக்கிவிட்ட ஷட்டருக்கு வெளியே எல்லாம் சாம்பல் நிறமாகிவிட்டது. டியூப்லைட்டின் உறுமல், சுவரோரக் குழாயில் தண்ணீர் உருண்டு இறங்கும் சத்தம், வீட்டுக்குள் அக்கா பாத்திரம் கழுவும் சத்தம் எல்லாவற்றுக்கும் நடுவே அந்தச் சின்னச் சத்தம் மட்டும் ஊசி மாதிரி தனியாகக் கேட்டது. பழைய வண்டி. இரும்பு குளிர்ந்தால் நெரியும், பிளாஸ்டிக் இளகினால் முனகும். இப்படித் தனக்குத்தானே சொல்லிக்கொண்டு அவன் மறுபடியும் கதவுப் பக்கம் குந்தினான்.

சிவப்பு ஸ்போர்ட்ஸ் கார். இரண்டே கதவு, இரண்டே சீட். தரையோடு தரையாகப் படுத்திருக்கும் உடம்பு. வெளிவந்த காலத்தில் தெருவே திரும்பிப் பார்த்திருக்கும். இப்போது பெயின்ட் வெளுத்து, பழைய உதட்டுச்சாயம் மாதிரி இருந்தது. ஓடுவதெல்லாம் நன்றாகத்தான் ஓடுமாம். ஓட்டுபவருக்குப் பக்கத்து சீட்டின் கண்ணாடி மட்டும் இறங்காது. மோட்டார் எரிந்துவிட்டது. அதை மாற்றிக் கொடுப்பதுதான் அவன் வேலை.

கண்ணாடி விழாமல் இருக்க மரச் சக்கை ஒன்றைச் செருகியிருந்தான். கதவுக்குள் கண்ணாடியைப் பிடித்து வைத்திருப்பது மோட்டார்தான். அது பூட்டிக் கிடக்கும்வரை வெளியிலிருந்து எவ்வளவு அழுத்தினாலும் கண்ணாடி அசையாது. திருடன் கையால் இறக்கிவிடக் கூடாது என்று அப்படிச் செய்திருக்கிறார்கள். மோட்டாரின் மூன்று போல்ட்டைக் கழற்றிவிட்டால் போதும், தன் எடையிலேயே சரிந்து உள்ளே விழும். தெரியாமல் கையை விட்டு விரலைக் கொடுத்தவர்கள் உண்டு.

கதவின் உள் அட்டையைப் பிரித்தபோதே அவனுக்கு மூக்கில் ஏறியது. குளத்து வாடை. பாசியும் அழுகிய இலையும் கலந்த, அடித்தொண்டையில் ஒட்டிக்கொள்ளும் வாடை. அட்டைக்குப் பின்னால், இரும்பின் மடிப்புகளில், பவுடர் மாதிரி மெல்லிய சேறு படிந்திருந்தது. ஒரு ஓரத்தில் இருந்தால் மழைச் சாரல் என்று விட்டிருப்பான். அது கண்ணாடி ஓடும் பள்ளம் வரைக்கும் இருந்தது.

டிக்.

இந்த முறை அவன் பார்த்துக்கொண்டிருந்தான். இரண்டு சீட்டுக்கும் நடுவில், கியருக்குப் பின்னால், பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு பட்டன்கள். ஒவ்வொன்றிலும் மேல் அம்பு, கீழ் அம்பு. பக்கத்து சீட்டின் பட்டனில் மட்டும் கீழ் அம்பைக் காணவில்லை. அழிந்திருந்தது. தேய்ந்து, வெள்ளையாக, பளபளவென்று. எதுவும் அசைந்ததாகத் தெரியவில்லை. காரில் பேட்டரியும் இல்லை. அதை அவன்தான் காலையில் கழற்றி வைத்தான்.

ஷட்டருக்கு அடியில் குனிந்து மாமா வந்தார். அக்காவின் புருஷன். பழைய கார் வாங்கி விற்பவர். குடையை உதறி அவன்மேலேயே தெளித்தார்.

"என்னடா ஃப்யூஸு, வண்டி தேறுமா, இல்ல உன்ன மாதிரி பாதியிலயே படுத்துருமா?"

ஃப்யூஸு என்பது அவர் வைத்த பெயர். காலேஜை அவன் பாதியில் விட்டான். பிறகு போன நைட் ஷிப்ட் வேலையையும் பாதியில் விட்டான். எங்கே போட்டாலும் போய்விடுகிறான் என்று அப்படிக் கூப்பிடுவார். ஷெட்டுக்கு மேலே ஓர் அறை கொடுத்து, ஒயரிங் வேலையும் கொடுத்து வைத்திருப்பவரும் அவர்தான். அதனால் அவன் கோபப்படுவதில்லை.

"மாமா, இந்த வண்டி தண்ணிக்குள்ள கெடந்திருக்கு."

"மழை பேஞ்சா வண்டி நனையாம பின்ன என்ன செய்யும்?"

"நனையறது வேற, முழுகறது வேற. இங்க பாருங்க, சேறு."

மாமா பார்க்கவில்லை. குடையை மடக்குவதிலேயே குறியாக இருந்தார்.

"பெல்ட்டையும் பாருங்க. ஓட்டுறவங்க பெல்ட் பழசு, நைஞ்சு போயிருக்கு. பக்கத்து சீட்டு பெல்ட் மட்டும் புத்தம் புதுசு. எதுக்கு மாமா ஒரு பெல்ட்ட மட்டும் மாத்துவாங்க?"

"எனக்கென்னடா தெரியும்? வாங்குறப்பவே அப்படித்தான் இருந்துச்சு."

"அறுத்திருக்காங்க. உள்ள இருந்த ஆள வெளிய எடுக்க அறுத்திருக்காங்க."

மழை இரைந்தது. மாமா ஷட்டர் வழியாக வீட்டுப் பக்கம் எட்டிப் பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்தினார்.

"ஓட்டுனவன் நீந்தி வெளிய வந்துட்டானாம். அவ்வளவுதான் எனக்குத் தெரியும், அதுக்கு மேல நான் கேக்கவும் இல்ல. இங்க பாரு. உங்க அக்கா கல்யாணம் ஆன நாள்லேர்ந்து இப்படி ஒரு செவப்பு வண்டி வேணும்னு கேட்டுட்டே இருக்கா. இப்பதான் முடிஞ்சுது. நாளைக்குக் காலைல சாவிய அவ கைல கொடுக்கப் போறேன். இந்த சேறு, பெல்ட்டு கதையெல்லாம் அவ காதுல விழுந்துச்சு, உன் தோல உரிச்சுருவேன்."

"அவ இதுல உக்காரணுமா மாமா?"

"பின்ன நீயா உக்காருவ? மூஞ்சியப் பாரு. கண்ணாடிய முடி. நான் போய் வண்டி மூக்குல கட்ட ரிப்பன் வாங்கிட்டு வரேன். அவகிட்ட கஸ்டமர் வண்டின்னுதான் சொல்லி வெச்சிருக்கேன், உளறிடாத."

அவர் போனார். குடை விரியும் சத்தம், ஈரத் தரையில் செருப்பின் சப்தம், பிறகு மழை மட்டும்.

அவன் எரிந்த மோட்டாரை விளக்குக்கு அடியில் வைத்துப் பிரித்தான். செய்திருக்க வேண்டாம். உள்ளே சுற்றியிருந்த செம்புக் கம்பி கரிக்கட்டையாக இருந்தது. ஒரு பக்கம் உருகி ஒட்டிக்கொண்டிருந்தது. வயதாகிப் போன மோட்டார் இப்படிக் கருகாது. கண்ணாடி அசையாதபோது, பட்டனை விடாமல், விடாமல், விடாமல் அழுத்திக்கொண்டே இருந்தால்தான் இப்படிக் கருகும். வெளியே தண்ணீர் நின்று அழுத்தினால் கண்ணாடி அசையாது. அதையும் யாரும் அவனுக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை.

கண்ணாடி ஓரத்து ரப்பரை விரலால் தடவினான். உள்பக்கம் மட்டும் பிய்ந்திருந்தது. நீளநீளமாக. நகம் போகும் அகலத்தில்.

டிக். டிக்.

ஓடிப் போய் வீட்டுக்குள் அக்கா பக்கத்தில் நின்றுகொள்ள வேண்டும் போலிருந்தது, சின்ன வயதில் இடி இடித்தால் போய் நிற்பானே, அந்த மாதிரி. அம்மா போனபிறகு அவனுக்குச் சோறு போட்டவள், அடித்தவள், அடித்ததற்காகத் தானே அழுதவள், எல்லாம் அவள்தான். நாளைக் காலையில் அவள் இந்தக் காருக்குள் உட்காரப் போகிறாள். கதவைச் சாத்திக்கொண்டு, கண்ணாடியை ஏற்றிக்கொண்டு, தனியாக ஓட்டிப் பழகப் போகிறாள். பக்கத்து சீட்டு காலியாக இருக்கும். காலியாக இருக்கும் என்று அவள் நினைத்துக்கொண்டிருப்பாள்.

மாமாவிடம் சொன்னால் சிரிப்பார். அக்காவிடம் சொன்னால் காய்ச்சலா என்று நெற்றியில் கை வைப்பாள்.

அப்போதுதான் அவனுக்கு அது தோன்றியது. உள்ளே இருப்பதற்கு யார்மேலும் கோபம் இல்லை. அதற்கு அக்காவும் வேண்டாம், அவனும் வேண்டாம். அதற்கு வேண்டியது ஒன்றே ஒன்று. கண்ணாடி இறங்க வேண்டும். இறங்கினால் போய்விடும். அவ்வளவுதானே? அக்கா உட்காருவதற்கு முன்னால் இறக்கிவிட்டால் போதும்.

மாற்று மோட்டாரை எடுத்தான். இந்த மாடலுக்குப் புதுசு எங்கேயும் கிடைக்கவில்லை. உடைக்கப்போன வேறொரு காரிலிருந்து மாமா கழற்றி வாங்கி வந்திருந்தார். அதுவும் ஓட்டுபவர் கதவிலிருந்து எடுத்த மோட்டார். இரண்டும் இரட்டைப் பிள்ளைகள் மாதிரி. பார்க்க ஒன்று, போல்ட் ஓட்டை ஒன்று, சுற்றுகிற திசைதான் எதிரெதிர். பூட்டினால் வேலை செய்யும். மேல் அம்பை அழுத்தினால் கண்ணாடி இறங்கும், கீழ் அம்பை அழுத்தினால் ஏறும். கதவுக்குள் இரண்டு ஒயரையும் இடம் மாற்றிப் போட்டால் சரியாகிவிடும். அது பெரிய வேலை இல்லை. ஆனால் ஒயர் மாட்டும் முனை துருப்பிடித்து இறுகியிருந்தது. அதைப் பிரிக்கப் பொறுமை வேண்டும், நடுங்காத கை வேண்டும். அவனிடம் இரண்டும் இல்லை. நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டான். எந்தப் பட்டன் எந்தப் பக்கம் போகிறது என்பது அவனுக்குத் தெரியும். அது போதும் என்று நினைத்தான்.

போல்ட்டுகளை முறுக்கினான். சக்கையை உருவினான். ஒரு பழைய பேட்டரியை இழுத்து வந்து காருக்கு முன்னால் தரையில் வைத்து, கிளிப் மாட்டி லைன் கொடுத்தான். சுற்றி வந்து ஓட்டுபவர் பக்கக் கதவைத் திறந்துவைத்தான். உட்காரவில்லை. ஒரு முழங்காலை மட்டும் சீட்டில் ஊன்றி, கையை நீட்டினான். உள்ளே குளிர்ந்தது. வெளியே மழைக் குளிர் ஒன்று, இது வேறொன்று. கனமாக, தோலை எல்லாப் பக்கமும் ஒரே மாதிரி அழுத்துகிற குளிர். பக்கத்து சீட்டில் கை பட்டது. மேலுறை உலர்ந்திருந்தது. அழுத்தியபோது பஞ்சுக்குள்ளிருந்து ஈரம் பொங்கி விரலிடுக்கில் ஏறியது.

மேல் அம்பை அழுத்தினான்.

டொக். கீழ் அம்பு மாதிரி கூர்மையாக இல்லை, மந்தமான சத்தம். மோட்டார் முனகியது. கண்ணாடி நடுங்கி, ரப்பரைப் பிரிந்து, மெதுவாக இறங்கியது. கோடு மாதிரி இடைவெளி, பிறகு விரல் அளவு, கை அளவு. முழுக்க இறங்கி மறைந்தது.

"போயிரும்மா," என்றான். யாரிடம் சொன்னான் என்று அவனுக்கே வெட்கமாக இருந்தது.

மழைக்காற்று உள்ளே புகுந்தது. பட்டன் சத்தம் இல்லை. அவன் நெடுநேரம் காது கொடுத்துக் கேட்டான். இல்லை. அட, இவ்வளவுதானா. சிரிப்புகூட வந்தது. கையெல்லாம் அந்த வாடை. கதவைத் திறந்தபடியே விட்டுவிட்டு மூலையிலிருந்த குழாய்க்குப் போய் சோப்பைத் தேய்த்தான். வேலை முடிந்ததும் முதலில் பேட்டரி கிளிப்பைக் கழற்ற வேண்டும். ஒயரிங் வேலைக்கு வருகிற எவனும் முதல் நாளே கற்றுக்கொள்வது அது. சந்தோஷத்தில் மறந்துவிட்டான்.

"யார் வண்டின்னு எனக்குத் தெரியாதுன்னு நெனச்சீங்களாடா ரெண்டு பேரும்?"

அக்கா. ஈரக் கையைப் புடவையில் துடைத்தபடி காரின் அந்தப் பக்கம் நின்றுகொண்டிருந்தாள். முகம் முழுக்கச் சிரிப்பு.

"கஸ்டமர் வண்டியாம். உங்க மாமாவுக்கு ரகசியம் மூஞ்சியில நிக்குமா? ரெண்டு நாளா என்னைப் பாத்து இளிச்சிட்டே இருக்கார். ஐயோ, என்ன செவப்புடா!"

"அக்கா, கிட்டப் போகாத. இன்னும் முடியல."

"தொடல. பாக்குறேன், அவ்வளவுதான்."

திறந்திருந்த கண்ணாடி வழியாக அவள் தலையை உள்ளே விட்டாள்.

"என்னடா இது, கெணத்துத் தண்ணி மாதிரி வாடை?"

டிக்.

அவன் கையில் சோப்பு நுரை. குழாய் ஓடிக்கொண்டிருந்தது.

கீழ் அம்பு. அது கீழ் அம்பை அழுத்துகிறது. இறக்கத்தான் பார்க்கிறது. அதற்கு எப்போதும் அது மட்டும்தான் தெரியும்.

மோட்டார் முனகியது. கண்ணாடி ஏறியது.

"டேய், வெளையாடாத."

"அக்கா, தலைய எடு!"

"நீதானே அழுத்துற? நிறுத்துடா..."

அவன் ஓடினான். ஈரத் தரையில் கால் வழுக்கி முழங்கால் அடிபட்டு எழுந்து ஓடினான். திறந்திருந்த கதவு வழியாகப் பாய்ந்து, பட்டனில் மேல் அம்பின்மேல் விரலை வைத்து அழுத்தினான்.

பட்டன் அசையவில்லை. மறுமுனையில் ஏற்கெனவே ஒரு விரல் இருந்தது.

கண்ணுக்கு எதுவும் தெரியவில்லை. கைக்குத் தெரிந்தது. ஊறி உப்பிய தோல். நகம் இருக்க வேண்டிய இடத்தில் வெறும் சதை. உயிரைக் கொடுத்து அழுத்திக்கொண்டிருந்தது. அவன் இரண்டு கையாலும் பிடித்து நிமிர்த்தப் பார்த்தான். முடியவில்லை. குளிர் தோள்வரை ஏறியது.

அக்காவின் குரல் நின்றது.

பின்வாங்கினான். பேட்டரி. கிளிப்பைப் பிய்த்தான். பொறி பறந்தது. மோட்டார் நின்றது.

கண்ணாடி நின்றது. அவள் தாடைக்குக் கீழே.

நின்றது. ஆனால் இறங்கவில்லை. பூட்டிக்கொண்டது. திருடனுக்காகச் செய்த பூட்டு.

வெளியே அவள் கைகள் கதவை அறைந்தன. அவள் பக்கம் ஓடிக் கைப்பிடியைப் பிடித்து இழுத்தான், கதவு வரவில்லை. ஏதோ எடை மொத்தமாக அதன்மேல் சாய்ந்திருந்தது. பெரிய ஸ்பேனரை எடுத்துக் கண்ணாடியில் ஓங்கி வீசினான். கை பாதி வழியில் கனத்தது. வேகம் போனது. தண்ணீருக்குள் வீசியது மாதிரி மெதுவாக, மெதுவாகப் போய், ஸ்பேனர் கண்ணாடியைச் சும்மா தொட்டது. மறுபடி வீசினான். மறுபடியும் தொட்டது.

கிளிப்பைக் கையில் எடுத்தான். லைன் கொடுத்தால்தான் கண்ணாடி இறங்கும். லைன் கொடுத்தால் அது அழுத்தும். உள்ளே இப்போதும் டிக் டிக்கென்று அழுத்திக்கொண்டேதான் இருந்தது.

"மேல அழுத்து!" கத்தினான். "ஒயர் மாறிக் கெடக்கும்மா! என் தப்பு. மேல அழுத்து, தெறந்துரும். உனக்கும் தெறந்துரும். மேல!"

பட்டன் சத்தம் நின்றது.

மழை. குழாய். அக்காவின் செருப்பு தரையில் தேய்வது.

மந்தமான அந்தச் சத்தத்துக்காகக் காத்திருந்தான். டொக். ஒரே ஒரு டொக்.

டிக்.

டிக். டிக். டிக்.

தண்ணீருக்குள் இருப்பவர்களுக்கு வெளியே கத்துவது கேட்காது.

இனி மோட்டாரின் அந்த மூன்று போல்ட்டுகள்தான். கழற்றினால் கண்ணாடி தானாக விழும். அவற்றை உள்ளே இருந்துதான் கழற்ற முடியும். ஸ்பேனரைப் பற்றிக்கொண்டு ஓட்டுபவர் பக்கத்துக்கு வந்தான். உள்ளே பார்த்தான். கார் காய்ந்துதான் கிடந்தது. ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை. ஆனால் அக்காவின் தலைமுடி அவிழ்ந்து, தோளில் விழாமல், மேல்நோக்கி எழும்பி, கூரையின் கீழ் மெல்லப் பரவி அசைந்துகொண்டிருந்தது.

அவள் கண்கள் திறந்திருந்தன. உயிரோடு இருந்தாள். அவனைப் பார்த்தாள்.

குளத்தில் குதிப்பதற்கு முன் இழுப்பது மாதிரி மூச்சை இழுத்து, வாயை இறுக்கிக்கொண்டு, அவன் உள்ளே இறங்கினான். காது அடைத்தது. மழைச் சத்தம் தூரத்துக்குப் போனது. கியரைத் தாண்டிப் படுத்து, கதவுக்குள் கையை விட்டு, முதல் போல்ட்டைத் தடவிப் பிடித்தான். ஸ்பேனர் பொருந்தியது. திருகினான். அசைந்தது.

அவனுக்குப் பின்னால், அவசரமே இல்லாமல், கதவு சாத்திக்கொண்டது.

அக்காவின் கண்கள் அவனை விட்டு விலகி, அவன் தோளுக்கு மேலே எதையோ பார்த்தன.

அப்போதுதான் கவனித்தான். டிக் சத்தம் நின்றிருந்தது.

அந்த விரல் இப்போது பட்டனில் இல்லை.